பஞ்சு வைத்த பொய்

காரில் குழந்தையை உட்காரவைக்கும் அந்த சீட்டை மாடிப்படி ஏற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தது பல் டாக்டரின் தம்பிதான். வைத்த கையோடு அவன் கிளம்பிவிடவில்லை. அறையில் இருந்த ஒரே மின்விசிறியை அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் திருப்பிவிட்டான். அவளுடைய கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, அவள் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். பிறகு சர்வேயரம்மாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா மேலதான் தப்புன்னு தெரிஞ்சா, கொஞ்சம் பதமா சொல்லுங்க மேடம். ஏற்கெனவே பாதி உயிராத்தான் இருக்கா."

கடை திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனான். இப்படி ஒரு தம்பி அமையக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சர்வேயரம்மா நினைத்துக்கொண்டார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மோதி நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, யார் மேல் தப்பு என்று சொல்வதுதான் அவருக்குப் பல வருடத் தொழில். அந்த வேலையை உதறிவிட்டு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்த பிறகும், சர்வேயர் என்ற பழைய பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. உதவியாளன் அவருடைய அக்கா மகன். அவனை ஊரே ரேடியோ என்றுதான் கூப்பிடும். இரட்டைக் குழந்தைகளுக்கு அப்பா. வீட்டில் அந்த இரண்டும் தன்னைப் பேச விடுவதில்லை, அதனால்தான் ஆபீஸில் சேர்த்துவைத்துப் பேசுகிறேன் என்பான். வழக்கோடு வருகிறவர்கள் முன்னால் சித்தி என்று கூப்பிடாதே என்று அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார்.

"சரி சித்தி" என்பான்.

பல் டாக்டர் தன் கதையை மெதுவாகச் சொன்னாள். மூன்று வயது மகளைப் பின் சீட்டில் உட்காரவைத்து அவள் காரை ஓட்டிக்கொண்டு போனபோது, சிக்னலை மதிக்காமல் ஒரு வேன் குறுக்கே பாய்ந்தது. கார் அதன் பக்கவாட்டில் போய் மோதியது. குழந்தை சீட்டின் பெல்ட்டிலிருந்து மகளின் ஒரு தோள் நழுவி, அவள் முன்னால் தூக்கி எறியப்பட்டாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது, நெற்றியில் தையல். உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள்.

டாக்டருக்கும் தலையில் அடி. அந்தக் காலையும், அதற்கு முந்தைய நாளும் அவள் நினைவிலிருந்து சுத்தமாகத் துடைத்ததுபோல் போய்விட்டன. எப்போது கிளம்பினாள், மகளுக்கு பெல்ட்டை எப்படிப் போட்டாள், எதுவும் தெரியாது.

தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான். பெல்ட்டின் தோள் பகுதியில் இரண்டு விரல் தடிமனுக்குப் பஞ்சு பேட் சுற்றியிருந்தது என்றார்கள். குழந்தைக்கு உறுத்தக் கூடாது என்று சிலர் வாங்கிப் போடும் பேட் அது. மேலே பார்த்தால் பெல்ட் இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். வண்டி மோதும்போது பஞ்சு அமுங்கிவிடும், அந்த அளவுக்கு பெல்ட் தளர்ந்து குழந்தை வெளியே நழுவிவிடும். அப்படிப்பட்ட பேடை மாட்டி, மகளைச் சாவின் வாசல் வரை கொண்டுபோனவள் என்று அவள் மேல் பழி. கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். குழந்தை தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் வழக்கும் போட்டுவிட்டார்.

சர்வேயரம்மா அந்த பேடை யார் வாங்கியது என்று கேட்டார்.

"நான்தானாம். முந்தின நாள் தம்பி கடைக்குப் போய் நானே எடுத்துட்டு வந்தேனாம். அவன் வேண்டாம்னு சொல்லியும் கேக்கலையாம். பாவம், என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு வேற யார்கிட்டயும் இதைச் சொல்லலை. என்கிட்ட மட்டும் சொன்னான்."

தம்பிக்குக் குழந்தைகள் சாமான் விற்கும் கடை. அந்த சீட்டே அவன் மருமகளுக்குப் பரிசாகக் கொடுத்ததுதான். விபத்துக்குப் பிறகு நொறுங்கிய காரிலிருந்து சீட்டைக் கணவர் எடுத்துப் போய்விட்டதாகவும், தம்பி அவரிடம் சண்டை போட்டு அதை மீட்டு வந்ததாகவும் அவள் சொன்னாள். கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. மகளையும் அழைத்துப் போக வேண்டும் என்று விபத்துக்கு முன்பிருந்தே பிடிவாதம். இவள் மறுத்துக்கொண்டிருந்தாள்.

"என் மேல தப்பு இருந்தா இருக்குன்னு சொல்லிடுங்க மேடம். ஆனா யார் குழந்தைக்கு பெல்ட் போட்டாலும், என் விரல் தானா போய்த் தோள்கிட்ட அந்த பெல்ட்டைக் கிள்ளிப் பார்க்குது. கிள்ள வந்தா தளர்வு, வரலைன்னா இறுக்கம். இவ்வளவு பழக்கம் இருக்கறவ, அன்னிக்கு மட்டும் எப்படி விட்டேன்? அதுதான் புரியலை."

ரேடியோ ஏற்கெனவே சீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். துணியில் அங்கங்கே ஊதா நிறக் கறை. விபத்து நடந்தபோது மகள் கையில் திராட்சை ஜூஸ் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள் என்றாள் டாக்டர். ஆஸ்பத்திரியில் மகளின் சட்டையைப் பார்த்து, ரத்தமோ என்று பயந்தது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது.

பேடைப் பிரித்து எடுத்த ரேடியோ, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சித்தி, இந்த ஜூஸ் எங்க வீட்டு ரெட்டைங்களை விடக் கெட்டிக்காரத்தனமா இருக்கு. பேடை ஒரு சொட்டுகூடத் தொடலை. அதுக்கு அடியில இருக்கற பெல்ட்டைப் போய் நனைச்சிருக்கு."

பேடைத் துவைத்திருக்கலாமே என்று சர்வேயரம்மா அவனைச் சீண்டினார். துவைத்திருந்தால் பஞ்சு கட்டி கட்டியாக உருண்டிருக்கும், இது இப்போதுதான் உறை பிரித்த மாதிரி இருக்கிறது என்றான் அவன். துணி துவைப்பதில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது, வீட்டில் அது தன்னுடைய இலாகா என்றும் சேர்த்துக்கொண்டான்.

சர்வேயரம்மா பெல்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தார். பஞ்சு வழியாக இறங்கிய ஜூஸ் என்றால் படர்ந்திருக்கும். இது துளித் துளியாகத் தெறித்திருந்தது. அந்தத் துளிகளுக்கு நடுவே, தீப்பெட்டி அளவுக்கு ஓர் இடம் மட்டும் கறை படாமல் இருந்தது. இரண்டு தோளிலும் அப்படியே.

"டாக்டர், இந்த சீட்டோட சேர்ந்து சின்னதா, மெலிசா ஒரு பேட் வந்துதா?"

வந்தது என்றாள். பூனை முகம் போட்ட சின்ன பேட். மகள் அதைத்தான் எப்போதும் தடவிக்கொண்டே வருவாள்.

"விபத்து நடந்தப்போ பெல்ட்டுல இருந்தது அந்தப் பூனைதான். இந்தத் தடிமன் பேட் அப்ப இல்லை. யாரோ அதுக்கப்புறம் மாட்டியிருக்காங்க."

வாரக்கணக்காகத் தூங்காத டாக்டரின் கண்கள் அந்த பேடையே வெறித்துக்கொண்டிருந்தன. குழந்தைக்காக ஒருவர் இப்படியும் செய்வாரா என்று கடைசியில் கேட்டாள். அவள் மனதில் இருந்தது கணவர். சீட்டு அவரிடம்தானே இருந்தது.

"கோர்ட்டுக்குப் போற அளவுக்குத் துணிஞ்சவர், பஞ்சு வாங்கறதுக்கா யோசிப்பார்" என்றான் ரேடியோ.

சர்வேயரம்மா எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். அவரிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறோம் என்று கிளம்பினார்.

கணவர் கட்டட எஞ்சினியர். பாதி எழும்பிய கட்டடம் ஒன்றின் அடியில், சிமென்ட் தூசிக்கு நடுவே நின்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வர ஆளுக்கொரு தலைக்கவசம் கொடுத்தார்கள். தன் தலைக்குள் காப்பாற்ற ஒன்றும் இல்லையே என்று ரேடியோ வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் மாட்டிக்கொண்டான்.

மனைவியின் பெயரை எடுத்ததும் எஞ்சினியரின் முகம் இறுகியது. பேச வேண்டியதைக் கோர்ட்டில் பேசிக்கொள்ளலாம் என்றார். சர்வேயரம்மா சண்டைக்குப் போகவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். காரிலிருந்து எடுத்த குழந்தை சீட்டை எங்கே வைத்திருந்தீர்கள்?

"எந்த சீட்டு? நான் அதைத் தொடவே இல்லையே."

எஞ்சினியர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். அந்த நாட்களில் அவர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரவில்லை. மகள் அவர் மடியை விட்டு இறங்கவில்லை. கராஜிலிருந்து ஃபோன் வந்தபோது, நீயே போய்ப் பார்த்துக்கொள் என்று மச்சானிடம் சொல்லிவிட்டார். மச்சானும் நேரே கராஜுக்குப் போய் சீட்டைக் கழற்றி எடுத்துப் போய்விட்டான். சண்டையா? யாருக்கும் யாருக்கும் சண்டை?

ரேடியோவின் கை தலைக்கவசத்தின் வாரில் அப்படியே நின்றது.

பேடைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது என்று சர்வேயரம்மா கேட்டார். எஞ்சினியர் தயங்கினார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டான், ஆனாலும் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று ஃபோனை எடுத்து, மச்சான் அனுப்பியிருந்த குரல் பதிவு ஒன்றை ஓடவிட்டார். சிமென்ட் கலக்கும் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. அதே தாழ்ந்த குரல், அதே பரிவு.

"மாமா, அக்கா என் கூடப் பிறந்தவதான். ஆனா குழந்தை விஷயத்துல உண்மையைச் சொல்லாம இருக்க முடியலை. அந்த பேட் வேண்டாம்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன், கேக்கலை. எப்பவுமே அவளுக்கு பெல்ட் விஷயத்துல அலட்சியம்தான். பாப்பாவை இனிமே அவகிட்ட தனியா விடாதீங்க."

தலைக்கவசங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருவரும் வண்டிக்கு வந்தார்கள். வண்டியைக் கிளப்பியபோதுதான் ரேடியோ வாயைத் திறந்தான்.

"ஃபேனைத் திருப்பி வச்சானே சித்தி."

"ஆமா."

"மாத்திரை வேற குடுத்தான்."

டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று வழி நெடுக யோசித்தும் சர்வேயரம்மாவுக்குப் பதமான வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவர் வார்த்தையே தேடவில்லை. எஞ்சினியரிடமிருந்து வாங்கி வந்த குரல் பதிவை அலுவலகத்தில் அப்படியே ஓடவிட்டார். டாக்டர் நின்றுகொண்டே கேட்டாள். முடிந்ததும், இன்னொரு முறை போடச் சொன்னாள். அவள் அழவில்லை. அவன் சின்ன வயதில் பொய் சொல்லும்போது காது சிவந்துவிடும், குரலில் அது தெரிவதில்லை என்று மட்டும் சொன்னாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆனா ஏன்? அவனுக்கு இதுல என்ன கிடைக்குது?"

அதைத்தான் சர்வேயரம்மாவும் யோசித்துக்கொண்டிருந்தார். அக்காவின் மேல் பழி போடுவது அவனுடைய நோக்கம் இல்லை. வேறு எதிலிருந்தோ எல்லாருடைய கண்ணையும் திருப்ப வேண்டியிருந்தது. பேடைப் பார், பேடைப் பார் என்று ஒருவன் சொன்னால், பேடைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

மூலையில் இருந்த தண்ணீர் கேனை ரேடியோ தூக்கிவந்து சீட்டில் உட்காரவைத்தான். தன் பிள்ளைகளில் ஒருத்தியின் எடை சரியாக இவ்வளவுதான், ஆனால் இந்தக் கேன் கடிக்காது என்றான். டாக்டர் தன் மகளுக்குப் போடுவதுபோல் பெல்ட்டைக் கேன் மேல் மாட்டி, கால் பக்கத்து வாரை இழுத்து இறுக்கினாள். கிள்ளிப் பார்த்தாள். கிள்ள வரவில்லை. ரேடியோ கேனைப் பிடித்து மெதுவாக முன்னால் இழுத்தான். பெல்ட் இரும்பாய் நின்றது.

"இப்ப மோதற மாதிரி இழு" என்றார் சர்வேயரம்மா.

சீட்டைச் சுவரோடு சாய்த்து, அவன் ஒரே வெட்டாக இழுத்தான். சர்ரென்று ஒரு சத்தம். கேன் கையோடு வந்து அவன் மடியில் விழுந்தது. இறுக்கிக் கட்டியிருந்த பெல்ட் இரண்டு முழத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

பெல்ட்டைக் கவ்விப் பிடிக்க, சீட்டின் முன்பக்கத்தில் பல் வைத்த ஓர் இரும்புக் கவ்வி இருக்கும். டாக்டர் குனிந்து, தன் பையில் இருந்த சின்ன டார்ச்சை அடித்து, நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோல் அதற்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடிக்கறதுக்குத்தான் ஒண்ணும் அகப்படலை. பெல்ட் இதுக்கு மெலிசு."

துணி உறையைக் கழற்றியதும் மற்றது தெரிந்தது. மேலே தெரியும் இடத்தில் கறுப்பு நூல், உள்ளே மறைந்த இடத்தில் சாம்பல் நூல். வேறொரு சீட்டிலிருந்து பிடுங்கிய பெல்ட்டை இதில் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தார்கள். புத்தம் புதுசு என்று தம்பி பெட்டி பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்த சீட்டு அது.

உடனே போலீஸுக்குப் போகலாம் என்றான் ரேடியோ. சர்வேயரம்மா தயங்கினார். எனக்கு இப்படித்தான் வந்தது, எனக்கே தெரியாது என்று அவன் கையை விரித்துவிட்டால் என்ன செய்வது? அவனுக்குத் தெரியும் என்பது அவன் வாயிலிருந்தே வர வேண்டும். அதற்கு அவர் சொன்ன வழியைக் கேட்டதும் ரேடியோ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். நானும் வருவேன் என்றாள் டாக்டர். வேண்டாம் என்று சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

கடை வெளிச்சமாக, சுத்தமாக இருந்தது. கண்ணாடி ஓரமாகக் குழந்தை சீட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மையை உட்காரவைத்து பெல்ட் போட்டிருந்தார்கள். பெண்கள் இருவரும் தள்ளுவண்டிகள் நிற்கும் பக்கமாக ஒதுங்கிக்கொள்ள, ரேடியோ மட்டும் கல்லாவுக்குப் போனான்.

அவனைப் பார்த்ததும் தம்பி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அக்கா எப்படி இருக்கிறாள், சர்வேயர் மேடம் ஏதாவது சொன்னார்களா என்று விசாரித்தான். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான் ரேடியோ. தான் வந்தது சொந்த வேலையாக. அக்காவின் கதையைக் கேட்டதிலிருந்து தன் இரட்டைகளை நினைத்துப் பயமாக இருக்கிறது. கண்ணாடி ஓரத்தில் இருக்கும் அந்த நீல சீட்டு இரண்டையும் கொடுத்தால் இன்றைக்கே மாட்டிவிடுவேன்.

தம்பி அந்த நீல சீட்டுகளைப் பார்த்தான். ரேடியோவின் ஃபோனில் முகப்புப் படமாக இருந்த இரண்டு குழந்தைகளையும் பார்த்தான். அவன் காது மடல் மெல்லச் சிவந்தது.

"அது வேண்டாம் சார். உங்களுக்கு நான் உள்ளேருந்து நல்லதா எடுத்துத் தர்றேன்."

"விலை அதிகமோ?"

"ரெண்டும் ஒரே விலைதான். நீங்க நம்ம ஆளு. அதான்."

உள்ளே போய் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது, கல்லாவுக்கு முன்னால் அவன் அக்கா நின்றிருந்தாள்.

"எம் பொண்ணுக்கு ஏன்டா உள்ளேருந்து எடுத்துத் தரலை?"

பெட்டிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் நின்றான். பிறகு அவை கையிலிருந்து நழுவின. ஒரு கணம் சிரிக்கப் பார்த்தான். அக்காவுக்குப் பின்னால் சர்வேயரம்மாவின் கையில், சாம்பல் நூல் வெளியே தெரிய அந்த பெல்ட் தொங்குவதைப் பார்த்ததும் அவன் முகம் கலைந்துபோனது.

சொல்லத் தொடங்கிய பிறகு அவன் எதையும் மறைக்கவில்லை. விபத்தில் சிக்கிய கார்களிலிருந்து கழற்றிப் போடும் சீட்டுகளை ஒரு காயலான் கடைக்காரன் மொத்தமாகத் தருவான். துணி மாற்றி, கிழிந்த பெல்ட்டுக்குப் பதில் வேறு பெல்ட் தைத்து, புதுப் பெட்டியில் போட்டால் புதுசுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. விற்று விற்று, எல்லாம் நல்ல சீட்டுதான் என்று அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான். மருமகளுக்குக் கொடுத்தபோதுகூட, இருப்பதிலேயே அழகானது எது என்று பார்த்துத்தான் எடுத்தான். கராஜிலிருந்து கொண்டுவந்து ஒரு வெட்டு வெட்டி இழுத்துப் பார்த்தபோதுதான் பெல்ட் கையோடு வந்தது. அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரியும். பூனை பேடைக் கழற்றிவிட்டுத் தடிமன் பேடை மாட்டியதும் அன்றைக்குத்தான்.

"சத்தியமா முன்னாடி தெரியாதுக்கா. இது வெளியே வந்தா கடையே போயிடும். வீட்ல அவ வேற மாசமா இருக்கா. உனக்கும் எதுவும் ஞாபகம் இல்லைன்னு சொன்னாங்க. கொஞ்ச நாள்ல எல்லாம் அடங்கிடும், மாமாவும் சமாதானம் ஆயிடுவார்னு நினைச்சேன்."

"அடங்கறதுக்கா, குழந்தையை அவகிட்ட விடாதீங்கன்னு அவருக்குச் சொன்னே?"

அவன் தலை குனிந்தது. மாமா சீட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார், அவர் கவனத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டியிருந்தது என்று முணுமுணுத்தான்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. கிளினிக்கில் நோயாளியிடம் பேசுவதுபோல் நிதானமாகத்தான் சொன்னாள்.

"தெரியாம குடுத்ததுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்டா. அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், அவ்வளவுதான். ஆனா என் ஞாபகத்துல ஓட்டை விழுந்திருக்குன்னு தெரிஞ்சதும், உன் பொய்யை உள்ள வச்சு அடைச்சுட்டியே. நானே என்னை நம்பலையேடா. கண்ணாடியில என் மூஞ்சியப் பார்க்கவே எனக்குப் பிடிக்கலையே. நீ பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துட்டுதானே இருந்தே."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் இளம் தம்பதி உள்ளே வந்தார்கள். கணவன் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி நேரே கண்ணாடி ஓரத்துக்குப் போய், நீல சீட்டின் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது எவ்வளவு என்று கேட்டாள்.

டாக்டர் தம்பியைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். சர்வேயரம்மாவும் ரேடியோவும்கூடக் காத்திருந்தார்கள். தம்பியின் உதடு அசைந்தது. கண் கல்லாவுக்குப் போனது, கண்ணாடிக்குப் போனது, தரைக்கு வந்து நின்றது.

"அதை வாங்காதீங்கம்மா" என்றாள் டாக்டர். "இந்தக் கடை சீட்டுலதான் என் பொண்ணு அடிபட்டா."

அந்தப் பெண் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அவர்கள் போனதும் சர்வேயரம்மா இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போட்டார். போலீஸ் வந்து கடைக்குப் பூட்டுப் போட்டது. அங்கே சீட்டு வாங்கியவர்கள் யாரும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்ற அறிவிப்பு அன்றைக்கே போனது. ஜீப்பில் ஏறும் முன் தம்பி திரும்பி, அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். அதுவரை கல்லாய் நின்ற டாக்டர், ஜீப் தெரு முனையைத் தாண்டிய பிறகு, தள்ளுவண்டி ஒன்றின் பிடியைப் பற்றிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். சர்வேயரம்மா அவள் முதுகில் கைவைத்தபடி நின்றார். ரேடியோ நீல சீட்டுகளிலிருந்து பொம்மைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

எஞ்சினியரின் அக்கா வீட்டுக்கு அவளை அவர்கள்தான் அழைத்துப் போனார்கள். விஷயம் ஃபோனில் தெரிந்துவிட்டதால் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்து வைத்திருந்தவர்போல் வேகமாகச் சொன்னார். மச்சான் சொன்னதை நம்பிவிட்டார். கூடப் பிறந்தவனே சொல்லும்போது யார்தான் நம்ப மாட்டார்கள்? வழக்கை வாபஸ் வாங்கிவிடுகிறார். இன்றைக்கே மூன்று பேரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

டாக்டர் முழுக்கக் கேட்டாள்.

"என்ன நடந்துதுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உனக்குத்தான் அந்த நாளே ஞாபகம் இல்லையே."

"அந்த ஒரு நாள்தான் எனக்கு ஞாபகம் இல்லை. மத்த நாளெல்லாம் நான் எப்படி பெல்ட் போட்டேன்னு நீங்க பக்கத்துல இருந்து பார்த்துட்டுதானே இருந்தீங்க?"

எஞ்சினியர் வழிவிட்டு நின்றார். வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பிறகு பேசலாம், இப்போது மகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

முன்னறையில் தரையில் உட்கார்ந்து, ஒரு கையைக் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டபடி, இன்னொரு கையால் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஓடி வரவில்லை. கிரேயானைக் கீழே வைத்துவிட்டு, ஏன் இத்தனை நாளா வரவே இல்லை என்று கேட்டாள்.

மாமாவையும் அப்பாவையும் சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மூன்று வயதுக் குழந்தையிடமிருந்து அந்த இரண்டு பேரையும் ஒரே நாளில் பறித்துவிட டாக்டருக்கு மனம் வரவில்லை.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லைடா கண்ணு" என்றாள்.

அவ்வளவு நாளும் அவளைச் சுற்றி எல்லாரும் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பொய் மட்டும் அவளுடையது. மகள் அதை நம்பி, நல்ல கையை அவள் பக்கமாக நீட்டினாள்.